நம்ம வூடு

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில், ஜவ்வாது மலை வேடியப்பன் கோயிலில் அன்று இருந்தவர்கள் பூசாரி அருணகிரி, அவர் மனைவி அம்மாக்கண்ணு, மகள் பாஞ்சாலி, பெண் கேட்டு மலையடிவாரத்து அமிர்தியிலிருந்து வந்த லாரி டிரைவர் ராஜவேலு, அவ்வளவுதான்.

"பொண்ணுக்குச் சம்மதம். நீங்க இன்னா சொல்றீங்க மாமா?"

"மாமாவா? அத சாமி சொல்லட்டும்!"

அருணகிரி உடுக்கையை அடித்தார். உடம்பு உதறியது.

"கீழ்நாட்டுக்காரன் வேணாம்! நம்ம வூட்டு மானம் போய்டும்!"

ராஜவேலு கும்பிட்டுவிட்டு மலையிறங்கினான். பாஞ்சாலி தலைகுனிந்து விபூதி வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அவள் வேண்டாம் என்றாள். அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

"எம்மேல கோவமாம்மா? அன்னிக்கு நான் எங்க பேசினேன்? வாய்தான் என்னுது, வாக்கு சாமியோடது."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "சாமிக்கு ஏதுப்பா வூடு, மானம் போறதுக்கு?"

அவர் முறத்தைப் பிடித்து நிறுத்தினார். "தெரிஞ்சுமா கம்முனு இருந்த?"

"அந்தாளு முன்னாடி உன்னப் பொய்யன்னு சொல்லச் சொல்றியா?"

சாமி வாக்குக்குக் கட்டுப்பட்டுத்தான் பாஞ்சாலி கல்யாணம் கட்டவில்லை என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அன்று சாமி வரவில்லை.