தொடக்கூடாத டப்பா

கடைச் சோப்பு பட்டாலே மகள் குயிலிக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும். அவளுக்காகத்தான் பூரணியும் புருஷனும் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கத் தொடங்கினார்கள். ஆனால் எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா டப்பாவின் பக்கம் குயிலி வந்தால் போதும், "தொடாதடி, பொசுக்கிடும்!" என்று வீடே அலறும்.

சோடாவுக்கு அழுகையாக வந்தது. "அவளுக்காக நடக்கிற வேலையில நான் எதுக்கு?" என்று தேங்காய் எண்ணெயிடம் கேட்டது.

"நீ இல்லாட்டி நான் வெறும் பிசுக்குதான். உன் சூட்டையெல்லாம் என்கிட்ட கொட்டு, தாங்கிக்கிறேன்" என்றது எண்ணெய்.

தண்ணீரில் கரைந்து கொதித்த சோடாவை எண்ணெயில் ஊற்றிக் கலக்கினாள் பூரணி. எண்ணெய் விலகவே இல்லை. இரண்டும் அச்சில் ஒன்றாய் இறுகி, அலமாரியில் வாரக்கணக்கில் காய்ந்தன.

ஒரு காலையில் பூரணி ஒரு கட்டியை எடுத்து, சோடாவின் காரம் இன்னும் சுடுகிறதா என்று நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். சோடா மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் முகம் சுளிக்கவில்லை.

முதல் கட்டி எப்போதும் குயிலிக்குத்தான். நுரை பொங்கப் பொங்கக் குளித்தாள். ஒரு தடிப்புகூட இல்லை.

"போதும், சோப்பைக் குடுடி" என்று பூரணி கையை நீட்டினாள்.

குயிலி அதைக் கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "மாட்டேன். நீ தொடாத!"