இஸ்கந்தர் தொடாத கஞ்சி

"எஜமான், இஸ்கந்தர் கஞ்சியைத் தொடல."

அடுப்படியிலிருந்து நேரே ஓடிவந்து இப்படிக் கோள் சொன்னவர், இஸ்தான்புல் பாசறையின் தலைமைச் சமையற்காரர் பெஹ்ராம் உஸ்தா. கேட்டவர் அதிகாரி ஷாஹின். சுல்தானின் காலாட்படையில் அதிகாரியின் பட்டமே 'கஞ்சிக்காரர்' என்பதுதான். ஆட்சி எதன்மேல் நிற்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட பேரரசு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஷாஹின் கையிலிருந்த மாதுளையைக் கீழே வைத்தார்.

இந்தப் படையில் ஒருவன் கஞ்சியை மறுத்தால் மனக்குறை என்று பொருள். அடுத்து அண்டாவைக் கவிழ்ப்பார்கள். அதற்கடுத்து யாராவது ஒருவருக்குத் தலை இருக்காது. பெரும்பாலும் அது அதிகாரியின் தலை.

"அவன் மட்டும்தானா?"

"இப்போதைக்கு. மத்தவங்க அவன் கிண்ணத்தையே பாத்துட்டிருக்காங்க."

"பிடிச்சுக் கட்டிப் போட்டுடலாமா?"

"போடலாம். சாயங்காலம் அறுபது பேர் தொடமாட்டாங்க. அவ்வளவு கயிறு நம்மகிட்ட இல்ல."

"அப்படி என்ன குறையாம்? ஏதாவது சொன்னானா?"

"வாயே திறக்கல, எஜமான்."

ஷாஹின் எழுந்து கதவைச் சாத்தினார்.

"கறி கம்மின்னு பேசிக்கிறாங்களோ?"

"நான் அடுப்படியில கிடக்கிறவன், எனக்கென்ன தெரியும்? அரண்மனையிலேருந்து நாலு ஆடு கிளம்புதுங்கிறாங்க. என் அடுப்புக்கு ரெண்டுதான் வருது. மிச்சம் ரெண்டும் வழியில எங்கேயாவது மேயுதோ என்னவோ."

அதிகாரி சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என் மச்சான் கறிக்கடை போட்டிருக்கான். புதுக்கடை. கொஞ்சம் கைதூக்கி விடலாம்னு... சரி, இனி போகாது. நாலும் உங்க அடுப்புக்கே வந்துடும். போய்ச் சொல்லிடுங்க."

"நான் சொன்னா யார் நம்புவாங்க?"

ஷாஹின் தாமே போனார். அறுபது பேர் முன்னால் நின்று, நாளையிலிருந்து நாலு ஆடு என்று சத்தமாகச் சொன்னார். இஸ்கந்தரின் முகத்தைப் பார்க்காமலேயே தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேகமாக வெளியேறினார்.

வீரர்களுக்கு நம்பவே முடியவில்லை. இஸ்கந்தரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவன் திருதிருவென்று விழித்தான்.

சமையற்காரரைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. காசிம் என்ற மூத்த வீரன் கிண்ணத்தை அவர் முன் நங்கென்று வைத்தான்.

"கஞ்சி ஊத்துற கையாலயே அவன் கழுத்தை அறுக்கப் பாத்தீங்களே, உஸ்தா. ஓடிப்போய் வத்தி வைக்கிறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்ல?"

பெஹ்ராம் உஸ்தா அண்டாவைத் துலக்கத் தொடங்கினார்.

எல்லோரும் போனபின் இஸ்கந்தர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். பேச்சு குழறியது.

"விடியக்காலையில குறடு வச்சு என் பல்லைப் பிடுங்கினதே நீங்கதான். இன்னைக்குப் பூரா சூடா எதையும் தொடாதேன்னு சொன்னதும் நீங்கதான். அதை அவர்கிட்ட சொல்லலியா, உஸ்தா?"

"அவர் கறியைப் பத்தித்தாம்பா கேட்டார்," என்றார் உஸ்தா. "பல்லைப் பத்திக் கேக்கலியே."