அவையில் இல்லாத நாள்

“அன்னிக்கு நீங்க எங்கதான் போயிருந்தீங்க? அதை மட்டும் சொல்லிப்போடுங்க மேடம், போதும்.”

ஆறுச்சாமி கேட்டார். அருள்புரத்தில் பனியன் துணி ஓட்டிக் கொடுக்கும் சின்ன நிட்டிங் கம்பெனி அவருடையது. மேலே வீடு, கீழே மெஷின்கள். சிறு நிட்டிங் கம்பெனிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கூட்டம் அவர் கம்பெனியில், காபியும் அவர் வீட்டுக் காபி. அந்த உரிமை குரலில் நன்றாகவே தெரிந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மைதிலி, தொகுதி எம்.எல்.ஏ. ஞாயிறுதோறும் தொகுதி மக்களின் வாட்ஸ்அப்புக்கு அவர் குரலிலேயே ஒரு செய்தி வரும். சபைக்கு என்ன மசோதா வந்தது, தான் என்ன பேசினார், ஓட்டெடுப்பில் எந்தப் பக்கம் நின்றார் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். இப்படியும் ஒரு எம்.எல்.ஏ.வா என்று எல்லோரும் மெச்சிக்கொண்டுதான் இருந்தார்கள், போன ஞாயிறு வரைக்கும்.

போன ஞாயிறு அவர் சொன்னது இதுதான். “மின்வரி மசோதாவுல சின்ன கம்பெனிகளுக்கு விலக்கு கேட்டுப் பேசறேன்னு உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என் பேரைக் கூப்பிட்டப்ப நான் சபையில இல்லை. ஓட்டெடுப்புலயும் இல்லை. வரி அப்படியே நிறைவேறிடுச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை நாள் தள்ளிப்போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நம்மில் யார் சபைக் குறிப்பைப் புரட்டிப் பார்க்கிறோம்? உண்மையைச் சொல்லப்போய் வம்பில் மாட்டிக்கொண்டார்.

ஆறுச்சாமி மூலையைக் காட்டினார். அங்கே புது மெஷின் ஒன்று ஓடாமல் நின்றது. போட்ட மாலை காய்ந்து தொங்கியது.

“சந்தனப் பொட்டு கூட இன்னும் அழியலீங்க. பேங்க் லோன்ல வாங்கினது. இதை நம்பித்தான் புள்ளையைக் காலேஜ்ல சேர்த்தினேன். இந்த வரியைக் கட்டிட்டு ஓட்டினா கட்டுபடியாகாதுன்னு நிறுத்தி வெச்சிருக்கறனுங்க.” சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான்.

மைதிலி அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியுமுங்கண்ணா” என்றார்.

மெஷின் ஊசி வியாபாரம் செய்யும் அமானுல்லா சங்கத்தின் செயலாளர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. உடம்புக்கு முடியாமல் போய்விட்டதா, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று மெதுவாக எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். மைதிலி இல்லையென்று தலையாட்டினார்.

“தொகுதியிலதான் இருந்தேனுங்க. ஒரு விசேஷம். நான் வந்தே ஆகணும்னு சொன்னாங்க. தட்ட முடியலை.”

எங்கள் பக்கம் அது ஒரு நடைமுறை. காதுகுத்து, சீர், புதுமனை, கடைத் திறப்பு எதுவானாலும் எம்.எல்.ஏ. வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அடுத்த தேர்தல் வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள். முகூர்த்த நாளில் மைதிலி ஏழெட்டு வாசலாவது ஏறி இறங்குவார்.

ஆறுச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விசேஷமா? கூப்புட்டவனுக்காவது அறிவு வேண்டாமுங்களா? சபை நடக்கற நாள்ல எம்.எல்.ஏ.வைப் புடிச்சு வெச்சுக்கிட்டு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து மாட்டிக்கறதுக்கு! அவன் ஒருத்தன் பவுசுக்கு நாங்க இத்தனை பேரு மெஷினை நிறுத்தோணுமா?”

கூட வந்திருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். ஆறுச்சாமி ஒரே ஒரு வழி சொன்னார். வரும் ஞாயிறு செய்தியில் அந்த ஆளின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சங்கம் இதை இத்தோடு விட்டுவிடும். இல்லாவிட்டால், அடுத்த தேர்தலுக்கு யாரை நிறுத்தலாம் என்று கட்சி கேட்டிருக்கிறதே, மைதிலி வேண்டாம் என்று இன்றைக்கே போன் போகும்.

போன தடவை இந்தச் சங்கம் கூட நின்றதால்தான் மைதிலி ஜெயித்தார். அந்தப் போன் போனால் சீட்டு கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“பேரு வேண்டாமுங்கண்ணா” என்றார் மைதிலி. “கூப்பிட்டது அவரோட ஆசை. தட்டாம இருந்தது என் தப்பு. ஊர் முன்னால பேரைச் சொன்னா அந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சீட்டு போனாப் போகட்டும்.”

“நடக்க முடியாமத்தான் போகட்டுமே” என்றார் ஆறுச்சாமி. “யாரோ ஒரு மடையனுக்காக நீங்க எதுக்குங்க பழியைச் சுமக்கறீங்க?”

அமானுல்லாவுக்கு மனசு கேட்கவில்லை, ஒரு வாரம் பொறுத்துப் பேசலாமே என்றார். ஆறுச்சாமி கேட்கிற நிலையில் இல்லை. கட்சிக்காரருக்குப் பேச செல்போனைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது மாடிப்படியில் காபித் தட்டோடு இறங்கி வந்தார் அவர் மனைவி கலைமகள். கீழே நடந்த பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. எம்.எல்.ஏ.வைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. முதல் டம்ளரை மைதிலி கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“ஏனுங்கக்கா, அன்னிக்கு இந்த மெஷினுக்கு சுவிட்ச் போட்டுட்டு ஓடுனீங்களே, மெட்ராஸ் ஃப்ளைட்டைப் புடிச்சிட்டீங்களா? சபையில பேசோணும், பேசோணும்னு நீங்க தவிச்சுட்டு நின்னீங்க. இவருதான் அதைக் காதுலயே வாங்காம, ராகுகாலம் முடியற வரைக்கும் அசையக் கூடாதுன்னு உங்க போனைக் கூட வாங்கித் தன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு.”