குரல் கொடுத்தவர்

அழு என்றால் என் தங்கச்சி முஃபீதாவுக்குச் சிரிப்பு வந்தது.

வெங்காயம் உரிக்கவைத்துப் பார்த்தோம். கண்ணுக்குக் கீழே தைலம் பூசினோம். குளவி கொட்டினவளைப் போல முகம் வீங்கியதே தவிர, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளாக அவள் மாறவில்லை.

எங்கள் வெப் சீரிஸின் நாலாம் பாகம் அது. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களை ஆயுதக்காரர்கள் இரண்டே மணித்தியாலத்தில் வெளியேற்றிய கதை. வாப்பா அனுபவித்தது. நான் பிறந்ததே அதற்குப் பிறகு, புத்தளத்தில்தான். என்றாலும் கதை, வசனம், இயக்கம் மூன்றும் தாஹிர் ஆகிய நானே. கமரா, என் கூட்டாளி றஸ்மியின் போன். முதல் மூன்று பாகங்களும் யூடியூப்பில் மொத்தமாக நூற்றுப் பன்னிரண்டு தடவை பார்க்கப்பட்டிருந்தன. அதில் அறுபது தடவை பார்த்தது நான்.

பள்ளிவாசல்துறைக் கடற்கரையில் ஓர் ஓலைக் குடிசை தோதாகக் கிடைத்தது. காணிக்காரர் றஸ்மியின் மாமா. தாராளமாக எடுங்கள் என்றுவிட்டார். போய்ப் பார்த்தால் முற்றம் முழுக்கக் கருவாடு. அந்தக் குடிசையில் இருக்கும் கத்தரினா அக்கா காயப் போட்டிருந்தார்.

அவர் அசைய மறுத்தார். பாதி காய்ந்த மீனை அள்ளிக் குவித்தால் பழுதாகிவிடும், நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்கு வெளிச்சம் எப்படி இருக்குமோ. முஃபீதாவின் கண் எப்படி இருக்குமோ. ஒரு கலைப் படைப்புக்காக ஒரு முற்றத்துக் கருவாட்டை விட்டுத்தர மனமில்லாத சனம் என்று எனக்குள் பெரிய வருத்தம். ஆனாலும் நான் கோபப்படவில்லை. பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

உள்ளே போய்க் கூடைகளை எடுத்து வந்தார். பிறகு குனிந்து மீனைக் கூடையில் அள்ளத் தொடங்கினார். அள்ளும்போதே அழுதார். சத்தம் இல்லை. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, ஒரு கூடையை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலுமாக வைத்துக்கொண்டு, அள்ளி முடியாததை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பினால் றஸ்மி போனைப் பிடித்தபடி நிற்கிறான்.

"முழுசா எடுத்துட்டன் மச்சான்," என்றான் மெதுவாக.

அவரிடம் கேட்காமல் போடலாமா, நானா, என்று அண்ணனான என்னிடம் முஃபீதா கேட்டாள். கலைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று அவளுக்கு விளக்கினேன். அழத் தெரியாதவளுக்கு அதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது.

நாலாம் பாகத்தை ஒரே கிழமையில், ஏழே நாளில், நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். "இந்தத் தாய் நடிக்கல்ல, வாழுறா" என்று கட்டாரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கொழும்பிலிருந்து ஓர் இணையத்தளக்காரர் பேட்டி எடுத்தார். அந்த அம்மாவை எப்படித் தயார் செய்தீர்கள் என்று கேட்டார். மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன் என்றேன். பாத்திரத்தின் வேதனையை ஆளுக்குள் இறக்கிவிட்டால் கண்ணீர் தானாக வரும் என்றும் சொன்னேன். சொல்லி முடித்தபோது நானே அதை நம்பிவிட்டேன்.

வாப்பா மட்டும் பார்க்கவில்லை. நான்தான் நேரிலேயே பார்த்தவனாச்சே என்று முதல் மூன்று பாகங்களையும் தட்டிக் கழித்தவர் அவர். ஆனால் பள்ளிவாசலில் எல்லோரும் இதே கதையாக இருந்ததில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் கதிரையில் அமர்ந்து, அதைப் போடச் சொன்னார்.

முஃபீதா போனை அவர் கையில் கொடுத்தாள். நான் அலுமாரியில் சாய்ந்துகொண்டு பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

கத்தரினா அக்கா வந்தார். வாப்பா நிறுத்திவிட்டு, பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தார். மூன்றாம் தரமும் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்தப் பொம்பளய விடு," என்றார். "முகம் காட்டாம ஒருத்தன் கதைக்கிறானே, அவன் ஆரு?"

அப்போதுதான் நானும் காது கொடுத்தேன். கடல் காற்றின் இரைச்சலுக்குள் ஓர் ஆண் குரல். தாழ்ந்த, மரியாதையான குரல்.

"காணிக்காரரே சொல்லிட்டார் அக்கா. இனி நாங்க என்ன செய்ய? அரை மணித்தியாலம் தாறம். தூக்க ஏலுமானதத் தூக்குங்க, மிச்சத்த வெச்சிட்டுப் போங்க. பொறகு திரும்பி வரலாந்தானே."

கடல் சத்தம் இயற்கையாக இருக்கிறது என்று அந்த இடத்தில் இசை போடாமல் விட்டது நான்தான். எத்தனையோ தடவை பார்த்தும், அதற்குள் என் குரல் இருப்பது என் காதில் விழவில்லை. வாப்பாவுக்கும் ஆள் பிடிபடவில்லை. அந்தக் குரலில் நான் வீட்டில் பேசியதே இல்லை.

"ஏன் வாப்பா கேக்கிறீங்க?" என்றாள் முஃபீதா, என்னைப் பார்த்துக்கொண்டே.

"அண்டைக்கு எங்கள வெளியேத்தத் துவக்கோட வந்தவனும் சத்தம் போடல்ல. இப்பிடித்தான், பொறகு வரலாம் எண்டு மரியாதையாச் சொன்னான்."

வாப்பா போனை அவளிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மகன், அந்தப் பொடியன் நல்லா நடிச்சிருக்கான். ஆனா, அவன இந்த வீட்டுக்கு மட்டும் கூட்டி வந்துடாத."