கணீர்க் குரல்

புது வீட்டு ஹாலில் டைல்ஸ் ஒட்டி முடித்த மேஸ்திரி, குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் ‘தொப்’பென்று அடங்கிப் போயின, வாசலோரத்து டைல் மட்டும் கணீரென்று ஒலித்தது. மேஸ்திரி நின்றார். மறுபடி தட்டிக் கேட்டுவிட்டு, அதன்மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

“பார்த்தியா, இத்தனை பேர்ல எனக்கு மட்டும்தான் பொட்டு!” என்று அது பூரித்துப்போனது. “உன்னைத் தட்டினப்போ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?”

“எனக்கு அடியில சிமெண்டு நிறைஞ்சிருக்கு அக்கா, சத்தம் எங்கிருந்து வரும்?” என்றது பக்கத்து டைல்.

“வயித்தெரிச்சல்!”

மறுநாள் காலை, சுத்தியலும் உளியுமாக மேஸ்திரி நேரே அதனிடம் வந்து உட்கார்ந்தார்.

“எல்லாரும் சத்தம் போடாம இருங்க,” என்றது அது. “என்னைப் பாடச் சொல்லத்தான் வந்திருக்கார்.”