முதல் கொப்பரை

"ரெண்டாவது தடவை வடிகட்டினப்புறம் திரும்ப அடுப்புல ஏத்தினேனா இல்லையா... இப்ப எனக்கே நிச்சயமாச் சொல்லத் தெரியலை மச்சான்."

சொல்லிவிட்டு அவன் சமையலறை மேசையிலிருந்த புட்டியைப் பார்த்தான். மூடியோடு சேர்ந்த சின்னத் தூரிகை. உள்ளே தேன் நிறத்தில் வேர்ச்சாறு. பிள்ளைகள் விரல் சூப்புவதை நிறுத்த விரலில் தடவும் மருந்து.

மச்சான் என்பது அவன் மனைவியின் அண்ணன், பட்டறைக்கு முதலாளி. கசப்பு வேரை இடித்து, ஊறவைத்து, கொப்பரையில் கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி வடிப்பது அவன் வேலை. இத்தனை காலம் அந்தச் சாறு பசிக்கான டானிக்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. விரல் மருந்து புதுசு. இதுதான் முதல் கொப்பரை.

"நல்லா இருக்கு மாப்ள. நான் கடை கடையா ஏறி வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். நீ சாவகாசமா ஞாபகம் இல்லைங்கற."

"மறந்திருக்கலாமோன்னுதான் சொன்னேன்."

"கசப்பு குறைஞ்சிருந்தா அத்தனையும் சாக்கடைக்குத்தான். அப்புறம் உன்னைக் கொப்பரைப் பக்கம் விட முடியாது. போய்ப் புட்டிக்கு மூடி திருகிக்கிட்டு உட்காரு. தங்கச்சி கோவிச்சுக்குவாளேன்னெல்லாம் பார்க்க மாட்டேன்."

"தங்கச்சி இங்கதான் நிக்கிறேன்" என்றாள் மனைவி, பாத்திரம் கழுவியபடி.

மேசைக்கு அடியில் அவர்களுடைய மூன்று வயது மகள், கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அந்த விரலில் மருந்து தடவிப் பார்க்கிறார்கள். ஊருக்கு விற்கும் முன் சொந்த வீட்டில் சோதித்துப் பார்ப்பது என்று மச்சான்தான் முடிவு செய்திருந்தார்.

"புட்டியைத் திறந்தாலே ஓடி வந்து தானா விரலை நீட்டுறா அண்ணே" என்றாள் மனைவி. "தடவினா சொக்கிப்போயி உட்கார்ந்துக்கறா. வேரைக் காய்ச்சினீங்களா, வெல்லத்தைக் காய்ச்சினீங்களா?"

மச்சான் தூரிகையை எடுத்துத் தன் நாக்கில் ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு மேசையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்கள் நிரம்பின.

"தண்ணி."

மனைவி தண்ணீரும் ஒரு கரண்டி சர்க்கரையும் கொடுத்தாள். "இதுக்கே இப்படியா? கல்யாணமானதுலேருந்து நான் பட்டது உங்களுக்குத் தெரியுமா? இவர் பிசைஞ்ச மாவு கசக்கும், உரிச்சுக் குடுத்த பழம் கசக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கையிலேருந்து போகாது. நல்லவேளை, கொஞ்ச மாசம் முன்னாடி பட்டறையில எல்லாருக்கும் கையுறை குடுத்தீங்க. இப்பதான் மனுஷன் கையா இருக்கு."

மச்சான் சிரித்தார். அவனும் சிரிக்கப் பார்த்தான். பழைய கேலிதான். ஆனாலும் யாராவது இதைச் சொன்னால் அவன் கைகள் தாமாகவே மடிக்குள் போய்விடும், இப்போதும் போயின.

"சத்தியமாச் சொல்றேன் மாப்ள, நீ அடுப்புல ஏத்தியிருக்கே" என்றார் மச்சான், நாக்கைத் துடைத்துக்கொண்டு. அவனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதியை அவரே நிறுத்தி வைத்தார்: "ஆனா எனக்குக் கசந்து என்ன பிரயோசனம்? காய்ச்சினவன் பொண்ணே சப்புக்கொட்டிக்கிட்டு இருக்கான்னு வெளிய தெரிஞ்சா, எந்த அம்மா வாங்குவா? இவ விரலை எடுக்கட்டும். அப்புறம்தான் லேபிள் அடிக்கறது. இல்லைன்னா கொட்டிடு."

"அண்ணே, இவ நாக்குலதான் ஏதாவது கோளாறோ?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது. சர்க்கரை போடாத காப்பியில் ஒரு சொட்டு எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள்.

"ச்சீ, கசக்குது" என்று துப்பிவிட்டு, குழந்தை திரும்பவும் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டாள்.

மச்சான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"எப்பலேருந்து இந்தப் பழக்கம்?" என்றார் மச்சான்.

"கொஞ்ச மாசமாத்தான். அதுவரைக்கும் வாயில விரலே வைக்க மாட்டா. இவர் மடியில போட்டாப் போதும், தூங்கிடுவா. இப்ப என்னவோ, இவர் கூப்பிட்டாலும் போறதில்லை."

அது அவனுக்கும் தெரியும். பிள்ளை வளர்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

"சரி, மதியம் தூங்குற நேரம். கடைசியா நல்லா ரெண்டு பூச்சாத் தடவு, பார்ப்போம்" என்றார் மச்சான்.

மனைவி புட்டியைத் திறந்தாள். வாசனை பட்டதுமே குழந்தை மேசைக்கு அடியிலிருந்து வந்துவிட்டாள். இந்த முறை விரலை நீட்டவில்லை. தூரிகையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அப்பாவிடம் போனாள். மடிக்குள் ஒளிந்திருந்த கையை இழுத்து, ஆள்காட்டி விரலைப் பிரித்து, நுனியிலிருந்து அடிவரை அப்பி அப்பித் தடவினாள். பிறகு மடியில் ஏறி, அந்த விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இப்பதான் அப்பா" என்றாள், விரலை எடுக்காமலே.

மச்சான் மறுநாளே லேபிள் அடிக்கக் கொடுத்தார். ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக விரலை விட்டன. இவளும் தன் விரலை விட்டுவிட்டாள். அவன் தினமும் வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றி, கழுவப் போட்ட, சாறு ஊறிய வடிதுணியில் ஒரு விரலை மட்டும் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான்.