கடைக்குட்டி ஏற வேண்டிய படகு

"இன்னிக்கும் அவன் வரலைன்னா கயித்தை அவுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நாளையிலேர்ந்து வடக்குக் காத்தாம், ரேடியோவுல சொல்லிட்டான்" என்றாள் லோர்னா, கெட்டிலை அடுப்பில் 'ணங்'கென்று வைத்தபடி. அவளுக்கு எரிச்சல் வந்தால் பாத்திரம்தான் முதலில் பேசும்.

கோர்டன் படகின் பின்தளத்தில் உட்கார்ந்து, படகுத்துறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரும் ஏறணும் லோர்னா. ஆளுக்கொரு தடவை சுக்கானைப் பிடிக்கணும். அதுக்குத்தானே இந்தப் பயணமே?"

"ரெண்டு பேரு ஏறியாச்சுல்ல?"

"மூணு பேருன்னுதானே வாக்குக் குடுத்தோம்?"

சிகாகோவிலிருந்து புறப்பட்டு, மிச்சிகன் ஏரிக்கரை ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வடக்கே வந்திருந்தார்கள். மஸ்கீகனில் பெரியவள் கரோல் பிள்ளைகளோடு வந்து ஏறினாள். சமையல் அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினாள். சுக்கானைப் பிடித்ததும் பொலபொலவென்று அழுதாள். கிளம்பும்போது ஒரு கூடை பீச் பழம் கொடுத்தனுப்பினாள்.

லூடிங்டனில் நடுவுள்ளவன் ராஜர். கலங்கரை விளக்கம், மணல்மேடு என்று ஊரையே சுற்றிக் காட்டி, புகைபோட்ட மீனை வயிறு முட்டத் தின்ன வைத்தான். அவனை விட்டுக் கிளம்ப லோர்னாவுக்கே மனசில்லை.

இந்த ஷார்லவாய் ஊரில்தான் எல்லாம் நின்றுபோனது. வந்த நாளாகக் கடைத்தெருவை அளந்து, செர்ரிப் பழ கேக்கைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். கடைக்குட்டி டேல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'சொல்லிட்டேன், வருவானான்னு தெரியல' என்று கரோல் போனில் கையை விரித்துவிட்டாள்.

"என்ன லூன்காரரே, கடைக்குட்டியைக் காணோமா?"

பக்கத்துப் படகு பாய்ட், காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். படகுத்துறையில் ஆளுக்குப் பேர் கிடையாது. 'லூன்' என்று எழுதிய படகில் இருந்தால் லூன்காரர், அவ்வளவுதான்.

"காணோம்" என்றார் கோர்டன்.

"அப்படி என்னய்யா கோபம் அவனுக்கு?"

லோர்னா முந்திக்கொண்டாள். "தன் கல்யாணத்துக்கு வான்னா, மறுநாள் வந்து நின்னா கோபம் வராதா?"

"அன்னிக்கு ஏரியில எட்டடி அலை" என்றார் கோர்டன் மெதுவாக.

"இருக்கட்டுமே! காரை எடுத்துக்கிட்டு ரோட்டு வழியா வந்திருக்கலாம்ல? படகுலதான் வந்து இறங்குவேன்னு ஒரு வீம்பு. அன்னியிலேர்ந்து அவன் இந்தப் படகுல காலே வைக்கல."

பாய்ட் சிரித்தார். "அப்ப தப்பு பையன் மேல இல்லையே! நீர் பாட்டுக்கு இங்க உக்காந்துக்கிட்டு அவன் வரணும்னா எப்படி? அப்பன்தான்யா இறங்கிப் போகணும்."

"வாஸ்தவம்தான்" என்றார் கோர்டன். "போயிருக்கணும்."

முகத்தைப் படகுத்துறை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். வாயைக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று பாய்டுக்குத் தோன்றிவிட்டது. காபி ஆறுகிறது என்று சொல்லி உள்ளே போனார்.

"நேத்து சாயங்காலம் எங்க போனீங்க?" என்று கேட்டாள் லோர்னா.

"அவன் வீட்டுக்குத்தான். வாசல்ல ரெண்டு குட்டி சைக்கிள் கெடந்துச்சு. மணியை அடிக்கக் கை வரல, திரும்பிட்டேன்."

லோர்னாவின் எரிச்சல் அத்தோடு வடிந்தது. இந்த மனிதரை எப்படித் திட்டுவது? அவர் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு, படகுகள் ஏரிக்குப் போக வழிவிட்டுக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்குவார்கள். அதை விட்டால் இன்னும் அரைமணி காத்திருக்க வேண்டும். கோர்டன் என்ஜினைப் போட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே லோர்னாவுக்குக் கஷ்டமாக இருந்தது. முன்கயிற்றை அவிழ்த்தாள். பின்கயிற்றில் கை வைத்தபோது, மரப்பாதையில் தடதடவென்று காலடிச் சத்தம்.

நாற்பது வயதிருக்கும். உடுப்பெல்லாம் பெயின்ட் கறை. மூக்கைப் பார்த்ததுமே லோர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. கரோலின் அதே மூக்கு.

"டேல்!" என்றாள்.

அவன் அவளையும் பார்க்கவில்லை, கோர்டனையும் பார்க்கவில்லை. படகைத்தான் பார்த்தான், முன்னிருந்து பின்வரை. பிறகு பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு ஏறினான்.

கோர்டன் சுக்கானை விட்டு விலகி நின்றார். டேல் அதைப் பிடித்தான். முதலில் ஒரு கையால், பிறகு இரண்டு கையாலும். லோர்னா பின்கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் எறிந்தாள்.

பாலத்தில் மணி அடித்தது. கார்கள் நின்றன. பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்ப, படகு அதன் நடுவே நேராகப் போனது. டேலின் தோள்கள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. கோர்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது ஆளும் ஏறிவிட்டான். அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

ஏரி விரிந்ததும் டேல் வேகத்தைக் குறைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, முதல்முறையாக அவர்கள் இருவரையும் பார்த்தான்.

"அப்பா சாகறதுக்கு முன்னாடி இந்தப் படகை வித்தப்போ, பிள்ளைங்க மூணு பேரையும் ஒரு தடவை ஏத்தணும்னு வாங்கினவங்ககிட்ட வாக்கு வாங்கினார்னு அக்கா சொன்னா, நான் நம்பவே இல்ல" என்றவன், கையை நீட்டினான். "நான் டேல். உங்க பேரு என்னங்க?"